பல் தேஞ்ச கதை

போன வருஷம் ஒரு நாள் நைட்டு சாப்பிட்டுட்டு இருக்கும்போது வாய்க்குள்ள கல்லு மாதிரி ஏதோ கடிபட்டுச்சு. துப்பிப் பாத்தா கல்லு இல்ல, என் பல்லு. கடவாப் பல்லுல ஒரு மூலை அப்படியே பேந்து வந்திருக்கு. வலி கூட பெருசா இல்ல, அதிர்ச்சிதான். எனக்கு 43 வயசு, சொத்தைப் பல்லுன்னு ஒண்ணு கிடையாது, ரெண்டு வேளையும் ஒழுங்கா பல் தேய்க்கற ஆளு, அதனால மறுநாள் டென்டிஸ்ட் முன்னாடி கொஞ்சம் திமிராவே போய் உக்காந்தேன்.

அவங்க வாயத் திறக்கச் சொல்லி சின்னக் கண்ணாடிய உள்ள விட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. உடைஞ்ச பல்ல விட்டுட்டு மத்த பல்லயெல்லாம் பாத்தாங்க. அப்புறம் என் கையில ஒரு கண்ணாடியக் குடுத்து நீங்களே பாருங்கன்னாங்க. கோரைப் பல்லு ரெண்டும் கூர்ப்பே இல்லாம அரத்தால ராவின மாதிரி மொழுக்குன்னு இருக்கு. கடவாப் பல்லு மேல இருக்க வேண்டிய மேடு பள்ளம் எதையும் காணோம், தட்டையா, நடுவுல மஞ்சள் மஞ்சளாத் தெரியுது. "உங்க வயசுக்கு இது ரொம்ப அதிகமான தேய்மானம் சார். தூக்கத்துல பல்லக் கடிக்கறீங்க. எத்தன வருஷமா?"

"தூங்கும்போது எனக்கு எப்படித் தெரியும் டாக்டர்"னு சிரிச்சேன். அவங்க சிரிக்கல. ரெண்டு கையையும் என் தாடைக்கு ரெண்டு பக்கமும், காதுக்குக் கொஞ்சம் கீழ வச்சுகிட்டு, கடிங்கன்னாங்க. கடிச்சேன். விடுங்கன்னாங்க. விட்டேன். மறுபடியும் விடுங்கன்னாங்க. விட்டுட்டேனே டாக்டர். "இல்ல சார், நீங்க இன்னும் கடிச்சிட்டுத்தான் இருக்கீங்க."

ராத்திரி பல்லு மேல மாட்டிக்க ஒரு நைட் கார்டு அளவெடுத்து செஞ்சு தரேன், பல்ல அது காப்பாத்தும், ஆனா கடிக்கறத அது நிறுத்தாதுன்னு சொல்லி அனுப்பினாங்க.

அன்னிக்கு நைட்டு அக்காவுக்குப் போன் பண்ணி இத காமெடியா சொல்லிட்டு இருந்தேன், என் பல்ல நானே தின்னுட்டு இருக்கேனாம்க்கா அப்படின்னு. அவளும் சிரிக்கல. "நீ மூணாவது படிக்கறப்பவே கடிப்பியேடா. நறநறன்னு சத்தம் கேக்கும். வயித்துல பூச்சின்னு அம்மா மருந்தெல்லாம் குடுத்துப் பாத்தாங்க. நான்தான பக்கத்துல படுத்திருப்பேன், கன்னத்துல மெதுவாத் தட்டுவேன், வாயத் திறந்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவ." இது எதுவுமே எனக்கு ஞாபகம் இல்ல.

எனக்கு ஞாபகம் இருக்கறது வேற. எங்க வீட்டு கேட்டுக்கு ஒரு இரும்புத் தாழ்ப்பாள் இருந்துச்சு. அப்பா வேலை முடிஞ்சு வந்து அத எப்படித் தூக்கறாருங்கறத வச்சே அன்னிக்கு ராத்திரி எப்படிப் போகும்னு எனக்கும் அக்காவுக்கும் தெரிஞ்சிடும். மெதுவாத் தூக்கி மெதுவா விட்டா பரவால்ல. டங்குன்னு விழுந்தா, அவ்வளவுதான், புக்க எடுத்து வச்சுகிட்டு ஆளுக்கொரு மூலையில இருக்கற இடம் தெரியாம உக்காந்துருவோம். அப்பா குடிக்க மாட்டாரு, இத நான் சொல்லியே ஆகணும், ஏன்னா கேக்கற எல்லாரும் முதல்ல அதத்தான் கேக்கறாங்க. வெளிய விசாரிச்சா தங்கமான மனுஷன்னுதான் சொல்லுவாங்க. வீட்டுக்குள்ள கோவம் வந்தா கையில கிடைச்சது பறக்கும், அம்மா மேல கை வைப்பாரு, எங்கள அடிச்சது கம்மிதான். கம்மிதான்னு எழுதிட்டு அந்த வார்த்தையவே கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தேன். இருக்கட்டும், அழிக்கல.

அந்த நேரத்துல நாங்க அழக்கூடாது, அழுதா இன்னும் மோசமாகும். சத்தம் வராம அழறதுக்கு இருந்த ஒரே வழி பல்லக் கடிச்சுக்கறதுதான். பல்லக் கடிச்சுகிட்டு பொறுத்துக்கோன்னு பேச்சுக்குச் சொல்லுவாங்கல்ல, நாங்க அத நிஜமாவே பண்ணியிருக்கோம்.

அதுக்கப்புறம் ஒரு ரெண்டு மாசம் கிடைச்சதையெல்லாம் படிச்சேன். நான் டாக்டர் இல்ல, கணக்கு பாக்கற வேலை, அதனால நம்பர்னா கொஞ்சம் சந்தேகப்பட்டுத்தான் பாப்பேன். படிச்சதுல எனக்கு நின்னத மட்டும் சொல்றேன்.

இந்த விஷயம், அதாவது சின்ன வயசுல வீட்டுல பட்டது பின்னாடி உடம்புல நோயா வர்றது, மருத்துவத்துக்குள்ள வந்ததே பாதி விபத்து. 1980கள்ல அமெரிக்காவுல, சான் டியாகோவுல, கைசர் பெர்மனென்டேங்கற மருத்துவ அமைப்புல வின்சென்ட் ஃபெலிட்டின்னு ஒரு டாக்டர் உடல் எடை குறைக்கற கிளினிக் நடத்திட்டு இருந்தாரு. அஞ்சு கிலோ பத்து கிலோ கேஸ் இல்ல, ரொம்பப் பெரிய எடையில இருந்தவங்க. அவரோட தலைவலி என்னன்னா எடை குறையாதவங்க இல்ல, நல்லாக் குறைஞ்சுகிட்டு வர்றவங்கதான் பாதியில நின்னுடறாங்க. ஏன்னு தெரிஞ்சுக்க அவங்களையெல்லாம் கூப்பிட்டு வரிசையா ஒரே மாதிரி கேள்வி கேட்டாரு, பொறந்தப்ப எவ்ளோ எடை, ஸ்கூல் சேந்தப்ப எவ்ளோ எடை, இந்த மாதிரி. ஒரு பெண்கிட்ட, முதல் தடவ உடலுறவு வச்சுகிட்டப்ப உங்களுக்கு எத்தன வயசுன்னு கேக்க வேண்டியத வாய் தவறி எவ்ளோ எடைன்னு கேட்டுட்டாரு. அவங்க 40 பவுண்டுன்னாங்க. அதாவது 18 கிலோ. காதுல தப்பா விழுந்துச்சோன்னு அதே தப்புக் கேள்வியவே இன்னொரு தடவ கேட்டிருக்காரு, அவங்க அதே பதிலச் சொல்லிட்டு அழுதுட்டாங்க. அப்ப அவங்களுக்கு நாலு வயசு. செஞ்சது அவங்க அப்பா.

அதுக்கப்புறம் அவரு வேணும்னே கேக்க ஆரம்பிச்சாரு, கேக்கக் கேக்க அதே மாதிரி கதைங்க வந்துகிட்டே இருந்துச்சு. பலாத்காரத்துக்கு ஆளான ஒரு பெண், குண்டா இருந்தா யாரும் நம்மளப் பாக்க மாட்டாங்க, எனக்கு அப்படித்தான் இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. டாக்டருக்கு நோயாத் தெரிஞ்ச உடம்பு அந்த அம்மாவுக்குக் கவசமா இருந்திருக்கு. கவசத்தக் கழட்டுன்னா எப்படிக் கழட்டுவாங்க, பயம் அப்படியே இருக்கும்போது?

1990ல ஒரு மருத்துவ மாநாட்டுல இத எடுத்துச் சொன்னப்ப, பேஷன்ட்டுங்க சாக்குச் சொல்றாங்க, நீங்க நம்பிட்டீங்கன்னு அவர மட்டம் தட்டியிருக்காங்க. ஆனா அமெரிக்க அரசாங்கத்தோட நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசில இருந்து ராபர்ட் ஆண்டாங்கறவரு கூட சேந்தாரு. 1995ல இருந்து 1997 வரைக்கும், அதே கைசர்ல மெடிக்கல் செக்கப்புக்கு வந்த 17,000 பேருக்கு மேல கேள்வித்தாள் அனுப்பிக் கேட்டாங்க, 18 வயசுக்குள்ள உங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு. அடி, வசவு, பாலியல் தொல்லை, கண்டுக்காம விட்டது, சாப்பாடு துணிமணிக்கே வழியில்லாம விட்டது, அம்மா அடி வாங்கினத பாத்தது, வீட்டுல குடி அல்லது போதை, மனநோய், ஜெயிலுக்குப் போனவங்க, பெத்தவங்க பிரிஞ்சது. மொத்தம் பத்து வகை. ஒரு வகைக்கு ஒரு மார்க். ஒரு தடவ நடந்தாலும் ஒண்ணு, பத்து வருஷம் நடந்தாலும் ஒண்ணு. (எனக்கு ரெண்டோ மூணோ வரும், எப்படி எண்றீங்கங்கறதப் பொறுத்து.) இதத்தான் 'ஏஸ்' (ACE, சின்ன வயசுல பட்ட கொடுமைங்கன்னு அர்த்தம்) ஸ்டடின்னு சொல்றாங்க.

மொத்த ஆளுங்கள்ல மூணுல ரெண்டு பேருக்கு ஒண்ணாவது இருந்துச்சு, எட்டுல ஒருத்தருக்கு நாலோ அதுக்கு மேலயோ. எனக்கு இத ரெண்டு தடவ படிக்க வேண்டியிருந்துச்சு, ஏன்னா இவங்கள்ல பெரும்பாலானவங்க வெள்ளைக்காரங்க, நடுத்தர வர்க்கம், காலேஜ் வரைக்கும் போனவங்க, வேலையும் இன்ஷூரன்ஸும் இருக்கறவங்க. வெளிய பாத்தா தங்கமான வீடுங்க.

1998ல வந்த முதல் கட்டுரையில, ஒண்ணுமே இல்லாதவங்களோட ஒப்பிட்டா நாலும் அதுக்கு மேலயும் இருந்தவங்களுக்கு இதய நோய் வாய்ப்பு 2 மடங்குக்கு மேல, பக்கவாதம் 2.4 மடங்கு, நாள்பட்ட நுரையீரல் நோய் கிட்டத்தட்ட 4 மடங்கு, சுகர் 1.6 மடங்கு. தற்கொலை முயற்சி, குடி, போதை எல்லாம் இதவிடப் பெருசு, ஆனா மனசு சம்பந்தப்பட்டதெல்லாம் நமக்கு ஒரு மாதிரி புரிஞ்சுடுது. எனக்குப் புரியாதது நுரையீரலும் இதயமும்தான். ஏழு வயசுல கேட்ட தாழ்ப்பாள் சத்தத்துக்கும் நாப்பது வயசுல அடைபடற ரத்தக் குழாய்க்கும் நடுவுல என்ன ரூட்டு?

ஒரு ரூட்டு எல்லாருக்கும் தெரிஞ்சது. சிகரெட், குடி, கண்டபடி சாப்பிடறது, தூங்காம இருக்கறது. நுரையீரல் கணக்குல பெரும்பங்கு சிகரெட்டாத்தான் இருக்கணும். நான் 19 வயசுல ஆரம்பிச்சு பதினோரு வருஷம் பிடிச்சேன், எல்லாரும் அதக் கெட்ட பழக்கம்னுதான் சொன்னாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். ஃபெலிட்டி இதத் திருப்பிப் போடறாரு: நாம பிரச்சினைன்னு சொல்றது அந்த ஆளுக்குத் தீர்வா இருந்திருக்கலாம்ங்கறாரு. முதல் சிகரெட் பிடிச்சப்ப எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன். ஸ்டைலுக்குத்தான் பிடிச்சேன்னு இத்தன வருஷமா சொல்லிட்டு இருந்தேன், உண்மை அது இல்ல. நெஞ்சுக்குள்ள எப்பவும் ஓடிட்டு இருந்த ஒரு மோட்டார் சட்டுன்னு ஆஃப் ஆன மாதிரி இருந்துச்சு. அது ஓடிட்டு இருந்ததே ஆஃப் ஆனப்புறம்தான் தெரிஞ்சுது.

ஆனா அது மட்டும்தான் ரூட்டுன்னா, சிகரெட் குடி எதையும் தொடாதவங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. 2004ல அதே 17,000 பேரோட தகவல வச்சு இதய நோய மட்டும் தனியாப் பாத்தாங்க, புகை, எடை, உடற்பயிற்சி இதையெல்லாம் கணக்குல கழிச்சுப் பாத்தாலும் தொடர்பு போகல. இன்னும் சொல்லப்போனா கோவமும் மனச்சோர்வும்தான் அந்தப் பழக்கங்களவிட பெரிய பாலமா இருந்துச்சு. கோவம்ங்கற வார்த்தைய அங்க பாத்தப்ப எனக்கு அப்பா முகம்தான் வந்துச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

இன்னொரு ரூட்டு உடம்புக்குள்ளயே ஓடுது. ஆபத்துன்னு தெரிஞ்சதும் அட்ரினலின் பாயும், நெஞ்சு படபடக்கும், தசை இறுகும். கொஞ்ச நேரத்துல மூளையில ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கார்டிசால்ங்கற ஹார்மோன் வரும். ரத்தத்துல சர்க்கரை ஏறும், செரிமானம் காத்திருக்கும், பிரஷர் ஏறும். நாய் துரத்தினா இது வேணும். நாய் போனதும் கார்டிசாலே மூளைக்குப் போய் போதும்னு சொல்லி எல்லாத்தையும் இறக்கி வச்சிடும். நாய் வீட்டுக்குள்ளயே குடியிருந்தா? என்னிக்குக் கடிக்கும்னே தெரியலன்னா? அப்ப உடம்பு இறக்கி வைக்கறதையே விட்டுடும். புரூஸ் மெக்யூவன்னு ஒரு விஞ்ஞானி 1993ல இதுக்கு அலோஸ்டேடிக் லோடுன்னு பேர் வச்சாரு, தாக்குப்பிடிச்சுத் தாக்குப்பிடிச்சே உடம்புக்கு ஆகற தேய்மானம்னு சொல்லலாம். வண்டிய நிறுத்தி வச்சு எஞ்சின ஆஃப் பண்ணாம விட்ட மாதிரி, கிலோமீட்டர் ஏறல, ஆனா பெட்ரோல் தீருது, எஞ்சின் தேயுது. தேய்மானம்ங்கற வார்த்தைய டென்டிஸ்ட்டும் சொன்னாங்க, இவரும் சொல்றாரு, எனக்கு அது ரெண்டும் வேற வேறயாத் தெரியல.

இதுல கார்டிசால் எல்லாருக்கும் ஏறியே இருக்கும்னு நெனச்சா அதுவும் தப்பு, ரொம்ப நாள் ஆனா சிலருக்கு அந்த சிஸ்டமே மந்தமாயிடுது. ருமேனியாவுல புக்கரெஸ்ட் நகரத்துல அனாதை இல்லத்துல வளந்த 136 குழந்தைங்கள வச்சு 2000ல ஆரம்பிச்ச ஒரு ஆய்வு இருக்கு. குலுக்கல் முறையில பாதிப் பேர வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பினாங்க, மீதிப் பேரு வழக்கம்போல இல்லத்துல. வருஷங்கள் கழிச்சு, பன்னெண்டு வயசு வாக்குல, எல்லாருக்கும் ஒரு டென்ஷனான வேலையக் குடுத்து அளந்தா, இல்லத்துலயே இருந்த பிள்ளைங்களுக்கு கார்டிசாலும் ஏற வேண்டிய அளவு ஏறல, நெஞ்சுத் துடிப்பும் ஏற வேண்டிய மாதிரி ஏறல. குடும்பத்துக்குப் போனவங்களுக்கு, அதுலயும் ரெண்டு வயசுக்குள்ள போனவங்களுக்கு, சாதாரணக் குழந்தைங்க மாதிரியே இருந்துச்சு. குலுக்கல்ல பண்ணினதால இது சும்மா தொடர்புன்னு தள்ளிட முடியாது. யார் தூக்கி வளத்தாங்கங்கறது ரத்தத்துல தெரியுது. (சீட்டுல பேர் வராத பிள்ளைங்கள நெனச்சா எனக்கு அதுக்கு மேல படிக்க முடியல, அந்த ஆய்வு அறநெறிப்படி சரியான்னு நெறைய விவாதமும் நடந்திருக்கு.)

எனக்கு ரொம்ப நம்பிக்கையா பட்டது நியூசிலாந்து ஆய்வு. டுனிடின் நகரத்துல 1972, 73ல பொறந்த 1,037 குழந்தைங்கள விடாம இன்னிக்கு வரைக்கும் பின்தொடர்ந்துகிட்டு இருக்காங்க. 32 வயசுல ரத்தம் எடுத்து, உடம்புக்குள்ள இருக்கற வீக்கத்த, அதாவது அழற்சியக் காட்டற சிஆர்பிங்கற புரதம் எல்லாம் பாத்தப்ப, முதல் பத்து வயசுக்குள்ள மோசமா நடத்தப்பட்டவங்களுக்கு அது அதிகமா இருந்துச்சு. வளந்தப்புறம் இருக்கற டென்ஷன், புகை, சாப்பாடு எல்லாம் கழிச்ச பிறகும். நாள்பட்ட அழற்சி இதயத்துக்கும் சுகருக்கும் எப்படிப் பாதை போடுதுன்னு டாக்டருங்க ஏற்கெனவே சொல்றாங்க, அதனால ஏழு வயசுக்கும் நாப்பது வயசுக்கும் நடுவுல நான் தேடின பாலத்துல ஒரு பலகை இதுதான். இதுல இன்னொரு நல்ல விஷயம், பெரும்பாலும் யாரோட ஞாபகத்தையும் நம்பி எழுதினதில்ல, நடக்கும்போதே குறிச்சு வச்சது.

ஞாபகம்னதும் ஒண்ணு சொல்லணும். சின்ன வயசுல பதிவானதையும், பெரியவங்களான பிறகு கேட்டுச் சொன்னதையும் ஒப்பிட்ட 16 ஆய்வுகள 2019ல ஒண்ணாச் சேத்துப் பாத்தாங்க. நடந்ததாப் பதிவாகியிருக்கறவங்கள்ல பாதிக்கு மேல பின்னாடி கேட்டப்ப அப்படி ஒண்ணும் இல்லன்னாங்க, நடந்துச்சுன்னு பின்னாடி சொன்னவங்கள்ல பாதிக்கு மேல பழைய பதிவே இல்ல. இத வச்சு யாரோ பொய் சொல்றாங்கன்னு முடிவு கட்டாதீங்க. என் பல்லு விஷயத்துல பதிவு அக்காகிட்ட இருந்துச்சு, எனக்குள்ள ஒண்ணுமே இல்ல. அவ ஒருத்தி இல்லன்னா, சின்ன வயசுல பல்லக் கடிச்சியான்னு கேட்டா நான் சத்தியம் பண்ணி இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்.

இப்ப கொஞ்சம் புலம்பல். இதையெல்லாம் தேட ஆரம்பிச்சதுல இருந்து என் போன்ல ரீல்ஸ் முழுக்க இதுதான். பத்துக் கேள்வி டெஸ்ட் எடுங்க, உங்க ஸ்கோர் நாலுக்கு மேலயா, உங்க ஆயுசு இவ்ளோதான், பின்னாடி சோகமா ஒரு பியானோ. முதுகு வலியா, ட்ராமா (மனக்காயம்). முடி கொட்டுதா, ட்ராமா. கோவமா வருது. அந்த ஸ்கோர உருவாக்கின ராபர்ட் ஆண்டாவே 2020ல எழுதிட்டாரு, இது ஒரு கூட்டத்தப் பத்திப் பேசறதுக்கான அளவு, தனி ஆள அளக்கற ஸ்கேல் இல்லன்னு. ஒரே ஸ்கோர் இருக்கற ரெண்டு பேருல ஒருத்தருக்கு ஒரு தடவ நடந்திருக்கும், இன்னொருத்தருக்கு தினமும் நடந்திருக்கும், ஸ்கோருக்கு ரெண்டும் ஒண்ணுதான். வறுமை, ஸ்கூல்ல பட்ட அவமானம், போர், வீட்ட விட்டு ஓட வேண்டி வந்தது எதுவும் அந்தப் பத்துல இல்ல. ரெண்டு மடங்குன்னு கேட்டா பயமா இருக்கு, ஆனா நூத்துல அஞ்சு பேருக்கு வர்ற நோய் ரெண்டு மடங்கானா பத்து பேரு, மீதி தொண்ணூறு பேருக்கு வரலங்கறதும் அதே கணக்குதான். 2017ல 37 ஆய்வுகள், ரெண்டரை லட்சம் பேருக்கு மேல, சேத்துப் பாத்ததுல சுகருக்கும் எடைக்கும் தொடர்பு லேசாத்தான் இருந்துச்சு, இதயம், புற்றுநோய், நுரையீரலுக்கு நடுத்தரம். ஸ்கோர் நாலுன்னு வந்ததுக்காக ஒரு பையன் உக்காந்து தன் சாவுக்கு நாள் எண்ணிட்டு இருந்தா அது இன்னொரு கொடுமை.

சரி, அப்பா.

எனக்கு 38 வயசுல பிபி வந்துச்சு. டாக்டர் ஃபார்ம நிரப்பச் சொன்னாரு, குடும்பத்துல யாருக்காவது பிபி, சுகர், ஹார்ட்? அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக், 54 வயசுல, ரெண்டாவது தடவ வந்தப்ப போயிட்டாருன்னு எழுதினேன். அப்ப பரம்பரைன்னாரு டாக்டர், நானும் தலையாட்டினேன். பரம்பரையாவும் இருக்கலாம், நான் மறுக்கல. ஆனா எனக்கு இப்ப இன்னொண்ணும் ஓடுது. அப்பாவுக்கு அவங்க அப்பாகிட்ட இருந்து வந்தது என்னென்னன்னு யோசிச்சா, பெல்ட்டால வாங்கின அடி முதுகுல தழும்பா இருந்துச்சு, சட்டை மாத்தும்போது நான் பாத்திருக்கேன், என்னப்பா இதுன்னு கேட்டதுக்கு விழுந்துட்டேன்னாரு. முதுகுல எப்படி விழுவாங்கன்னு அப்ப எனக்குக் கேக்கத் தெரியல. அந்த ஃபார்ம்ல தாத்தாவோட சுகர எழுத இடம் இருக்கு, தாத்தாவோட பெல்ட்ட எழுத இடம் இல்ல. எது ஜீன் வழியா வந்துச்சு, எது கை வழியா வந்துச்சுன்னு என் ரத்தத்தப் பாத்து யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

இதச் சொன்னா உடனே, அப்ப அப்பாவ மன்னிச்சுட்டியான்னு கேக்கறாங்க. இல்ல. புரியறது வேற, மன்னிக்கறது வேற, எனக்கு முதல்ல இருக்கறது மட்டும்தான் இப்போதைக்கு வருது. அம்மா உயிரோட இருக்காங்க, அவங்ககிட்ட இந்தப் பல்லு கதைய நான் சொல்லவே இல்ல.

என்ன பண்றேன்னு கேட்டா பெருசா ஒண்ணும் இல்ல. பிபி மாத்திரைய விடாம போடறேன், இத அழுத்திச் சொல்றேன், ஏன்னா காரணம் தெரிஞ்சுட்டா மாத்திரை வேணாம்னு ஒரு நண்பன் நிறுத்திட்டு நேரா எமர்ஜென்சில போய்ப் படுத்தான். காரணம் எதுவா இருந்தாலும் பிரஷர் பிரஷர்தான். தெரப்பிக்குப் போறேன், எட்டு மாசம் ஆச்சு. முதல் மூணு தடவ அப்பாவப் பத்தி அவரு நல்லவருன்னுதான் பேசியிருக்கேன், தெரபிஸ்ட் சொல்லித்தான் தெரியும். ட்ராமாவால வர்ற பிடிஎஸ்டிங்கற மனநோய்க்கு, ட்ராமாவ மையமா வச்சு நினைப்பையும் பழக்கத்தையும் மாத்தற சிபிடி, கண்ண அசைக்க வச்சு பண்ற இஎம்டிஆர்ங்கற ரெண்டு சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் 2013லயே பரிந்துரைச்சிருக்கு, எனக்குப் பண்றது முதல் வகை. அதனால என் பிபி குறைஞ்சுதான்னு கேட்டா, கொஞ்சம், ஆனா அதே சமயத்துல தூக்கமும் சரியாச்சு, நடக்கவும் ஆரம்பிச்சேன், எதால குறைஞ்சுதுன்னு கணக்கு எழுதற எனக்கே என்ட்ரி போடத் தெரியல.

படிச்சதுல என்ன ரொம்ப உலுக்கினது நோயப் பத்தினது இல்ல. ஜார்ஜியா மாநிலத்து கிராமப்புறத்துல, ஏழ்மையில இருந்த கறுப்பினக் குடும்பங்கள்ல, 11 வயசுப் பிள்ளைங்களையும் அவங்க அம்மாக்களையும் ஏழு வாரம் கூப்பிட்டுப் பேச வச்சாங்க. பிள்ளைகிட்ட எப்படிப் பேசறது, எப்படிக் கூட இருக்கறது, எப்படிக் கண்டிப்பா இருக்கறது, இவ்ளோதான், மருந்து மாத்திரை எதுவும் இல்ல. எட்டு வருஷம் கழிச்சு அந்தப் பிள்ளைங்களுக்கு 19 வயசுல ரத்தம் எடுத்துப் பாத்தா, அதுல கலந்துக்காத பிள்ளைங்களவிட அழற்சி கம்மி. 2014ல வந்துச்சு இந்த ஆய்வு. ஏழே வாரம். வறுமை அப்படியேதான் இருந்துச்சு, ஊரும் மாறல, கூட இருந்த ஆளு மட்டும் கொஞ்சம் வேற மாதிரி கூட இருந்திருக்காங்க.

அதப் படிச்ச அன்னிக்கு அக்காவுக்குப் போன் பண்ணேன். அக்காவுக்கு முடக்குவாதம், ஆர்த்ரைட்டிஸ்ல ருமட்டாய்டுங்கற வகை, 35 வயசுல ஆரம்பிச்சது. காலையில எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு விரல மடக்க முடியாது, வெந்நீர்ல கைய விட்டுகிட்டு உக்காந்திருப்பா. அதே சான் டியாகோ ஆளுங்கள்ல 15,000 பேருக்கு மேல வச்சு 2009ல பாத்ததுல, ஸ்கோர் ரெண்டோ அதுக்கு மேலயோ இருந்தவங்க, ஒண்ணுமே இல்லாதவங்களவிட, வாத நோய்களுக்காக ஆஸ்பத்திரியில சேந்தது ரெண்டு மடங்கா இருந்துச்சு. இத நான் அவகிட்ட சொல்லல. அவ விரலுக்கு எது காரணம்னு எனக்குத் தெரியாது, அவ டாக்டருக்கும் தெரியாது, தெரியாதத வச்சு அவள இன்னொரு ராத்திரி முழிச்சிருக்க வைக்க எனக்கு இஷ்டம் இல்ல.

வேற என்னென்னமோ பேசினோம், அவ பையன் பரீட்சை, என் நைட் கார்டு. அது போட்டுகிட்டா வாய் பொக்கையான கிழவன் மாதிரி பேச்சு வருதுன்னு பேசிக் காட்டினேன், இந்தத் தடவ சிரிச்சா. சிரிச்சு முடிச்சதும்தான் எனக்கு அந்தக் கேள்வியே தோணுச்சு, இத்தன வருஷத்துல ஒரு தடவ கூட நான் கேட்டதில்ல. "ஏன்க்கா, நான் கடிக்கறப்ப நீ தட்டி விடுவ. நீ கடிச்சா உனக்கு யாரு தட்டி விட்டாங்க?"

கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல.

"நான் எங்கடா தூங்கினேன்"னா.